படியும் மூலமும்

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் பெங்களூரின் வானம் முகிலால் மூடிக் கிடப்பதை இந்நகரில் வாழ்வோர் நன்கு அறிவர். அம்முகில் பொழியும், அல்லது கலையும். எப்படியாயினும் தான் சுமந்ததை நெடுநாள் வைத்துக்கொண்டிராது. இன்று நம்மில் பெரும்பாலோர்க்கு வேறொரு முகிலும் உண்டு. அது பொழிவதுமில்லை, கலைவதுமில்லை. நாம் இட்டதையெல்லாம் ஏற்றுக்கொண்டு நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே போகிறது. கிளவுட் என்றும் மேகச் சேமிப்பு என்றும் வழங்கும் அம்முகிலைப் பற்றியும், அதில் சேர்ந்துவிட்ட வேண்டாதவற்றை அகற்றும் முறையைப் பற்றியும் இன்று சில சொல்ல விரும்புகிறோம்.

மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்புத் தொழில் செய்கின்ற எங்களுக்கு இதைப் பற்றிப் பேசச் சிறிது உரிமை உண்டு. ஏனெனில், படிகளைப் பெருக்குவதில் எங்களை வெல்லுவோர் அரியர். ஒரு பக்கச் சுற்றறிக்கை ஒன்று வந்தால், அதன் மூலம் ஒன்று, முதல் மொழிபெயர்ப்பு ஒன்று, மேலதிகாரி திருத்தியது ஒன்று, திருத்தத்தைத் திருத்தியது ஒன்று என்று கோப்புகள் பிறக்கும். ‘இறுதி’ என்று ஒன்றிற்குப் பெயரிடுவோம். மறுநாள் ‘இறுதி இரண்டு’ தோன்றும். அதன் பின்னர் ‘உண்மையான இறுதி’ என்பது வரும். மூன்றாண்டு கழித்து அவற்றுள் எது வெளியிடப்பட்டது என்று கேட்டால், எழுதிய எங்களுக்கே விடை தெரியாது.

அலுவலகத்தில் இவ்வாறெனில், வீட்டு நிலையைச் சொல்லவேண்டுவதில்லை. காலை வணக்கப் படங்கள், திருமண அழைப்பிதழ்கள், மின்கட்டண ரசீதுகள், ஒரே காட்சியைப் பத்து முறை பிடித்த புகைப்படங்கள் ஆகிய யாவும் நம்மை அறியாமலே மேலே ஏறிக்கொண்டிருக்கின்றன. கூகுள் நிறுவனம் கட்டணமின்றித் தரும் 15 ஜிகாபைட் இடத்தில் மின்னஞ்சலும், கோப்புகளும், புகைப்படங்களும் ஒருங்கே அடங்க வேண்டும். 2021 ஜூன் முதல் நாளுக்குப் பின்னர் ஏற்றிய படங்கள் எல்லாம் இக்கணக்கிலேயே சேர்கின்றன. ஆப்பிள் நிறுவனத்தின் ஐகிளவுடில் கட்டணமற்ற இடம் 5 ஜிகாபைட்டே. ஆகவே என்றேனும் ஒருநாள் ‘இடம் நிறைந்துவிட்டது’ என்ற அறிவிப்பு வந்தே தீரும். அன்று மின்னஞ்சலும் நின்றுபோகும். அப்பொழுதுதான் நாம் துடைப்பத்தை எடுக்கிறோம். அவசரத்தில் எடுத்த துடைப்பம் குப்பையையும் கூட்டும், குன்றிமணிப் பொன்னையும் கூட்டும்.

முதலில், இம்முகில் வானத்தில் இல்லை என்பதை மனத்திற்கொள்ள வேண்டும். அது மண்ணில், சுவரும் கூரையுமுள்ள கட்டடங்களில், இடையறாது மின்சாரம் உண்டு வெப்பம் கக்கும் இயந்திர வரிசைகளில் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் மும்பை, டெல்லி, ஐதராபாத், சென்னை முதலிய இடங்களில் இத்தகைய நிலையங்களை அமைத்திருக்கின்றன. அரசுக்குரிய தேசியத் தகவலியல் மையமும் டெல்லி, பூனா, ஐதராபாத், புவனேசுவரம் முதலிய நகரங்களில் தேசியத் தரவு மையங்களை நடத்துகிறது. நாம் கைப்பேசியில் காண்பது, அங்கே இருக்கும் ஒன்றின் தோற்றம் அல்லது படி.

இப்படி நம் கைக்கு அருகில் வந்து தங்கும் படிகளுக்கே கேச் என்று பெயர். மறைத்து வைப்பது என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லினின்றும் ஆங்கிலத்திற்கு வந்த சொல் இது. 1968-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட பெருங்கணிப்பொறி ஒன்றின் விரைவு நினைவகத்தைக் குறிக்க வந்து, பின் கணிப்பொறி உலகெங்கும் பரவிற்று. இதைத் தமிழில் பலர் பலவாறு பெயர்க்கின்றனர். எங்களைக் கேட்டால், இதன் இயல்பை விளக்க நம் அடுக்களையில் உள்ள அஞ்சறைப்பெட்டியே போதும் என்போம்.

கடுகும் சீரகமும் மிளகும் உக்கிராண அறையில் டப்பாக்களில் இருக்கின்றன. தாளிக்கும்போதெல்லாம் அங்கே ஓட முடியாது. ஆதலால் சிறிது சிறிது எடுத்து அஞ்சறைப்பெட்டியில் வைத்து, அடுப்பருகே வைத்துக்கொள்கிறோம். பெட்டியைக் கவிழ்த்துக் கழுவிவிட்டால் நட்டம் ஒன்றுமில்லை. டப்பாவிலிருந்து மீண்டும் நிரப்பிக்கொள்ளலாம். அன்று சமையல் சற்றுத் தாமதப்படும், அவ்வளவே. கேச்சை அழிப்பதும் இத்தகையதே. ஒரு பக்கத்தையோ படத்தையோ செயலி மறுமுறை தொலைவிலிருந்து கொண்டுவரும். அதற்குச் சிறிது நேரமும் சிறிது டேட்டாவும் செலவாகும்.

இவ்வுவமையிலிருந்து மூன்று உண்மைகள் விளங்கும். ஒன்று, அஞ்சறைப்பெட்டியைக் காலி செய்வதால் உக்கிராண அறையில் இடம் உண்டாகாது. அதுபோலவே, கேச்சை அழித்தால் கைப்பேசியில் இடம் கிடைக்கும். முகிலில் ஒரு சிறிதும் கிடைக்காது. இதை அறியாமல், நாள்தோறும் கேச்சை அழித்துவிட்டு, ‘இடம் நிறைந்துவிட்டது’ என்ற அறிவிப்பு ஏன் போகவில்லை என்று மயங்குவோர் பலர். இரண்டு, பெட்டி மீண்டும் நிரம்பத்தான் செய்யும். ஆதலால் அதை அன்றாடம் கழுவுவதில் பயனில்லை. செயலி தடுமாறும்போதும், கைப்பேசியில் இடம் நெருக்கும்போதும் கழுவினால் போதும். மூன்று, கடையிலிருந்து வந்த சீரகத்தை டப்பாவில் கொட்டாமல் நேரே பெட்டியில் போட்டிருந்தால், அதைக் கவிழ்ப்பது நட்டமே. இணையத் தொடர்பு இல்லாத நேரத்தில் எழுதி, இன்னும் மேலே ஏறாத கோப்புகள் இவ்வகையைச் சேர்ந்தவை. பல கைப்பேசிகளில் கேச்சை நீக்கும் பொத்தானும், செயலியின் சேமிப்பு முழுவதையும் நீக்கும் பொத்தானும் அடுத்தடுத்தே இருக்கும். முன்னது பெட்டியைக் கழுவுவது. பின்னது இன்னும் மேலே ஏறாததையும் சேர்த்து அழித்துவிடக்கூடியது. விரலை வைக்குமுன் கண்ணை வைக்க வேண்டும்.

கேச்சைப் பற்றி இவ்வளவு. முகிலில் உள்ள கோப்புகளின் நிலை இதற்கு நேர் மாறானது. கைப்பேசியும் கணிப்பொறியும் முகிலோடு ஒத்திசைவாக இணைக்கப்பட்டிருக்குமானால், ஓரிடத்தில் அழித்தது எல்லா இடத்திலும் அழியும். ‘கைப்பேசியிலிருந்து மட்டுந்தானே நீக்கினோம்’ என்று எண்ணியிருப்போம். வீட்டுக் கணிப்பொறியிலும் அது இராது. பிறர் தம் கோப்பை நமக்குக் காட்டியிருந்தால், அது அவருடைய இடத்தைக் கொள்ளுமேயன்றி நம் இடத்தைக் கொள்ளாது. நாம் பிறர்க்குக் காட்டிய கோப்பை நாமே அழித்தாலோ, அவர்க்கும் அது இல்லாமற் போய்விடும். இந்தக் கடைசிச் செய்தியை நாங்கள் நூலிற் படித்து அறியவில்லை, பட்டறிந்தோம்.

எங்கள் குடும்பம் கோலார் தங்கவயலிலிருந்து வந்தது. எங்கள் தந்தையார் சாம்பியன் ரீப் சுரங்கத்தில் பணியாற்றியவர். மூவாயிரம் மீட்டருக்கு மேல் பூமிக்குள் இறங்கும் அச்சுரங்கம் உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக விளங்கியது. 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. எங்கள் தந்தையார் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அன்றன்று இறங்கிய ஷிப்டு, வேலை செய்த மட்டம், உடன் இருந்தவர் பெயர், யாருக்கேனும் காயம் பட்டிருந்தால் அச்செய்தி ஆகியவற்றைப் பென்சிலால் ஓரிரு வரி எழுதிவருவார். அவர் காலமான பின்னர், ஊரிலிருக்கும் எங்கள் தங்கை அந்நோட்டின் அறுபத்திரண்டு பக்கங்களைத் தன் கைப்பேசியால் படம் எடுத்தாள். அவளிடம் இடம் போதாமையால், எங்கள் கணக்கில் ஒரு கோப்புறை திறந்து அதில் ஏற்றிவிட்டுத் தன் கைப்பேசியில் இருந்தவற்றை நீக்கிவிட்டாள். அடுத்த மழைக்காலத்தில் ஓட்டுக்கூரை ஒழுகி நோட்டு நனைந்து கூழாகிப் போயிற்று. படங்கள் இருக்கின்றனவே என்று ஆறுதல் கொண்டோம்.

இரண்டாண்டு சென்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், வீட்டில் எல்லோரும் கூடியமர்ந்து எங்கள் கணக்கைத் துப்புரவு செய்தோம். ‘புதிய கோப்புறை நான்கு’ என்று ஒன்று கண்ணிற்பட்டது. எண்களே பெயராக உடைய மங்கலான படங்கள் அதில் இருந்தன. ஏதோ பழைய அலுவலகத் தாள்கள் என்று எண்ணி, திறந்து பாராமலே நீக்கினோம். நீக்கியதும் இடம் கூடவில்லை. குப்பைத்தொட்டியில் உள்ளதும் கணக்கில் சேரும் என்று அறிந்து, அதையும் அப்பொழுதே காலி செய்தோம். அன்று மாலை மின்னஞ்சல்கள் தடையின்றி வந்தன. நல்ல வேலை செய்தோம் என்று மகிழ்ந்தோம்.

ஆறு மாதம் கழித்துத் தங்கை கேட்டாள்: “அண்ணா, அப்பா நோட்டுப் படம் எல்லாம் உங்களிடந்தானே இருக்கிறது? பையன் கல்லூரியில் சுரங்கத்தைப் பற்றி எழுத வேண்டுமாம்.”

தேடாத இடமில்லை. ஒன்றும் கிடைக்கவில்லை. இறுதியில் எங்கள் மருமகன் தன் தாய் கைவிட்ட பழைய கைப்பேசியை எடுத்து மின்னேற்றிப் பார்த்தான். அதன் படச் செயலி, பட்டியலில் விரைவாகக் காட்டுவதற்கென்று தானே செய்து வைத்திருந்த சிறு உருவங்களில் சில எஞ்சியிருந்தன. ஆம், அவை கேச்தான். எதைக் குப்பை என்று உலகம் சொல்கிறதோ, அதுவே எங்களுக்கு மிஞ்சியது. அறுபத்திரண்டில் பத்தொன்பது பக்கங்கள், கட்டைவிரல் நகத்தளவில் கிடைத்தன. பெரிதாக்கினால், மேலே எழுதிய தேதி மட்டும் படிக்க வருகிறது. எந்நாள் என்பது தெரிகிறது. அன்று அவர் என்ன எழுதினார் என்பது தெரியவில்லை.

இதில் பிறரைக் குறை சொல்ல இடமில்லை. பெயரில்லாமல் வைத்தது ஒரு பிழை. திறந்து பாராமல் அழித்தது இரண்டாம் பிழை. குப்பைத்தொட்டியை அன்றே கவிழ்த்தது மூன்றாம் பிழை. கோப்புச் சேவைகள் பெரும்பாலானவற்றில் நீக்கியது முப்பது நாள் தொட்டியிற் கிடக்கும். அது இயந்திரம் நம் அவசரத்திற்கு இடும் தவணை. அத்தவணையை நாங்களே வேண்டாம் என்று தள்ளிவிட்டோம்.

வியப்பென்னவென்றால், இதற்குரிய அறிவு எங்கள் அலுவலகத்திலேயே இருந்தது. மத்திய அரசின் கோப்புகளை எவரும் நினைத்தபடி கிழித்தெறிய இயலாது. முடிந்த கோப்பு ஒவ்வொன்றும் வகைப்படுத்தப்படும். என்றும் காத்துப் பிரதியெடுத்தும் வைக்க வேண்டியது ‘ஏ’ வகை. காக்க வேண்டியது, ஆயின் பிரதியெடுக்க வேண்டாதது ‘பி’ வகை. குறித்த காலம் வரை மட்டும் வைத்துப் பின் அழிக்க வேண்டியது ‘சி’ வகை. 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டம், 1892-க்கு முன் தோன்றிய ஆவணம் எதையும், பயன்படுத்த முடியாதவாறு சிதைந்தாலொழிய, அழிக்கலாகாது என்கிறது. விதியை மீறி அழிப்பவர்க்கு ஐந்தாண்டு வரை சிறையும் விதிக்கலாம். அதே வேளையில், 2021 முதல் ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் தனி இயக்கம் நடத்தி, வேண்டாத கோப்புகளை மத்திய அரசு அலுவலகங்கள் களைந்து வருகின்றன. களைவதும் காப்பதும் ஒரே கையின் இரு தொழில்கள் என்பது இதனாற் புலப்படும். வேறுபாடு இதுதான்: அலுவலகத்தில் கோப்பைப் படித்து வகை குறித்த பின்னரே அழிக்கிறார்கள். வீட்டில் அழித்த பின்னர் வகையை எண்ணி வருந்துகிறோம்.

நம் முன்னோர் வரலாற்றிலும் இப்பாடம் எழுதப்பட்டிருக்கிறது. ஓலைச்சுவடி நெடுங்காலம் நில்லாது. பூச்சி அரிக்கும், ஓரம் முரியும். ஆகவே பழைய ஏட்டைப் புதிய ஏட்டில் படியெடுத்துவிட்டு, பழையதை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விடுவது வழக்கமாக இருந்தது. படியெடுப்போர் இருந்தவரை அது குற்றமற்ற வழக்கமே. ஆற்றில் போனது படி, வீட்டில் இருந்தது நூல். காலம் மாறிப் படியெடுப்போர் அருகினர். ஆற்றில் விடும் பழக்கமோ நிற்கவில்லை. அன்று தொடங்கியதுதான் இழப்பு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் சுவடி தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சென்றபோது, அங்கிருந்த பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாகச் சொல்லக் கேட்டு உள்ளம் நொந்ததை எழுதியிருக்கிறார். இட்டவர்கள் தீயவர் அல்லர். பழுதான ஏட்டை மதிப்போடு முடித்துவிட்டதாகவே கருதினர். அதற்கு வேறு படி உண்டா என்ற ஒரு கேள்வியைத்தான் கேட்கத் தவறினர். எங்கள் வீட்டிலும் கேட்கத் தவறிய கேள்வி அதுவே.

அழிக்காமல் விட்டுவிட்டால் எல்லாம் காப்பாற்றப்படுமா என்றால், அதுவும் இல்லை. தென்கொரியாவின் டேஜான் நகரில் உள்ள அரசுத் தரவு மையத்தில் 2025 செப்டம்பர் 26-ஆம் நாள் லித்தியம் மின்கலத்திலிருந்து தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தம் பணிக்கோப்புகளை இடுவதற்கென்றே அமைந்த ஜி-டிரைவ் என்னும் மேகச் சேமிப்பு அதில் எரிந்தது. அதன் கொள்ளளவு மிகப் பெரிது என்பதால் வேறிடத்தில் அதற்கு மறுபடி வைத்திருக்கவில்லை. ஏறத்தாழ 858 டெராபைட் அளவான கோப்புகள் போயின. முகிலும் ஓரிடந்தான், ஓரிடத்தில் மட்டும் இருப்பது எதுவும் பத்திரமாக இல்லை.

இன்னொரு பக்கத்தில், 2025 ஆகஸ்டில் பிரிட்டனில் வறட்சி நிலவியபோது, தரவு மையங்களின் தண்ணீர்ச் செலவைக் குறைக்கப் பழைய மின்னஞ்சல்களையும் படங்களையும் அழிக்குமாறு அரசுத் தரப்பில் அறிவுறுத்தினர். அதனால் மிச்சமாகும் நீர் மிகச் சொற்பம் என்று அறிந்தோர் பலர் மறுத்துரைத்தனர். 2024-இல் குடங்களோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்ற பெங்களூர்வாசிகளாகிய எங்களுக்குத் தண்ணீரின் அருமை தெரியும். எனினும், துப்புரவு செய்வதற்கு உண்மையான காரணம் வேறு. ஆயிரம் குப்பைகளின் நடுவே கிடக்கும் நல்ல பொருளைக் கண்டெடுக்க முடியாது. கண்டெடுக்க முடியாத பொருளை என்றேனும் ஒருநாள் குப்பையோடு கொட்டிவிடுவோம். காப்பதற்காகவே களைய வேண்டும்.

ஆகவே எங்கள் வீட்டில் இப்பொழுது கையாளும் முறையைச் சொல்கிறோம். முதல் வேலை அழிப்பது அன்று; பெயரிடுவது. ‘புதிய கோப்புறை’ என்று எதுவும் இருத்தலாகாது. பொருளும் ஆண்டும் பெயரில் விளங்க வேண்டும். அடுத்து, தானே திரும்பி வரக்கூடியவற்றை அகற்றுகிறோம். கேச், பிறர் அனுப்பிய வாழ்த்துப் படங்கள், மீண்டும் இறக்கிக்கொள்ளக்கூடிய படிவங்கள் ஆகியவற்றிற்கு ஆராய்ச்சி வேண்டுவதில்லை. பின்னர், சேவையே தரும் பட்டியலில் அளவிற் பெரியனவற்றை முதலிற் பார்க்கிறோம். நூறு கடிதங்கள் கொள்ளும் இடத்தினும் மிகுதியாக ஒரு வீடியோ கொள்ளும். ஆதலால் கடிதங்களில் கைவைக்கத் தேவையே நேராது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வாட்ஸ்அப் காப்புப்படியும் 2024 முதல் கூகுள் இடக்கணக்கில் சேர்வதால், அதில் வீடியோக்கள் வேண்டுமா என்று முடிவு செய்கிறோம். ஓட்டுநர் உரிமம் முதலியவற்றின் படிகள் பல இடங்களிற் சிதறிக் கிடப்பது இடத்திற்கும் கேடு, பாதுகாப்பிற்கும் கேடு. 2015-இல் தொடங்கிய டிஜிலாக்கரில் உரிய துறையே வழங்கும் ஆவணம் சட்டப்படி மூலத்திற்கு ஒப்பானது. ஆகவே அதைப் பெற்றுக்கொண்டு மற்றப் படிகளை நீக்குகிறோம்.

திரும்பி வாராதவற்றிற்கு, அதாவது குடும்பப் படங்கள், குரற்பதிவுகள், கையெழுத்துத் தாள்கள் ஆகியவற்றிற்குத் தனி நாள் ஒதுக்குகிறோம். அவற்றின் மறுபடி ஒன்று வீட்டில் உள்ள வன்தட்டிலும், மற்றொன்று ஊரில் உள்ள தங்கையிடமும் இருக்கின்றன என்று கண்ட பின்னரே முகிலில் ஒன்றைக் குறைக்கிறோம். நீக்கியதைத் தொட்டியில் முப்பது நாள் விட்டுவைக்கிறோம். பிறரோடு பகிர்ந்த கோப்புறையாயின், ஒரு தொலைபேசி அழைப்பிற்கு ஆகும் நேரத்தை மிச்சம் பிடிப்பதில்லை.

அந்தப் பத்தொன்பது சிற்றுருவங்களையும் எங்கள் மருமகன் ஒரு கோப்புறையில் சேர்த்து, பாட்டனார் பெயரும் சுரங்கத்தின் பெயரும் ஆண்டும் இட்டு எங்களுக்கு அனுப்பினான். மொத்தமும் ஒரு காலை வணக்கப் படத்தின் அளவுகூட இல்லை. அவற்றுள் தெரியும் தேதிகளைக் கொண்டு, அந்நாட்களில் தந்தையாரோடு இறங்கியவர்களுள் இன்று இருப்போரிடம் விசாரித்து, நினைவுள்ளதை அவன் எழுதி வருகிறான். எழுதிய பக்கங்களை மூன்று இடங்களில் வைத்திருக்கிறோம்.